நாலு குரலில் ஒரு துக்கச் செய்தி

சின்னசேலத்தில் ஆட்டோ ஒலிபெருக்கிகளுக்கு வீட்டிலிருந்தே விளம்பரம் பேசிப் பதிவு செய்து தருகிறேன். அதற்காக ஒரு வோக்கல் ப்ராசஸர் வாங்கினேன். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் என் ஒற்றைக் குரல், நாலு பெண்கள் ராகம் போட்டுப் பேசுவதுபோல் மாறிவிடும்.

அன்று காலை ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு அப்படித்தான் பேசினேன். உடனே பக்கத்துத் தெருப் பெரியவரின் மரண அறிவிப்பு வந்தது. அவசரத்தில் அந்தப் பட்டனை அணைக்க மறந்து பேசி, கேட்டும் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வந்தது. "இயற்கை எய்தினார்" என்று நாலு பெண்கள் எதிரொலியோடு இழுத்தார்கள். நாலு பேரும் நானேதான்! செருப்புகூடப் போடாமல் துரத்திப் பிடித்தேன். உள்ளே பெரியவரின் மகன்.

"மன்னிச்சிடுப்பா, வேற பேசித் தரேன்."

"வேணாங்க்கா. எங்க வூட்ல பொம்பளைங்க கம்மி. இது நாலு பேரு அழுவுறா மாதிரியே கீது. அப்டியே வுடுங்க."

இப்போதெல்லாம் எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். துக்கச் செய்தி என்றால் மட்டும், "ஒரு குரல் போதுமா, நாலு வேணுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

இதுவரை ஒருவர்கூட ஒன்று போதும் என்று சொன்னதில்லை.