கல்யாண வீடியோவில் நாங்கள் இல்லை

பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை நாங்கள் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. நான் கீபோர்டு, கூட ஒரு வயலின், ஒரு டிரம்ஸ். முன்பெல்லாம் விசிட் விசாவில் போய், வெளிநாட்டிலிருக்கும் நம்மூர்ச் சங்கத்தின் கிறிஸ்துமஸ் விழாவில் வாசித்துவிட்டு, பெட்டி நிறைய சாக்லேட்டோடு திரும்பிய குழுக்கள் உண்டு. எங்களுக்கு அழைப்பு வந்த நேரம் பார்த்து அந்த நாட்டுக்காரர்கள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். வாசிக்க வருகிறவனுக்கு அதுதான் தொழில் என்று வீடியோவோடு நிரூபிக்க வேண்டுமாம்.

வீடியோவுக்கா பஞ்சம் என்று சிரித்தோம். கல்யாண வீடுகளில் ஏறி இறங்கிப் பென்டிரைவ்களை வாங்கிவந்து போட்டுப் பார்த்தோம். இலையில் அடைப்பிரதமன் பாயசம் ஊற்றுவது இருந்தது, மாப்பிள்ளையின் ஷூ இருந்தது, டிரோன் எடுத்த ரப்பர் தோட்டம் இருந்தது. நாங்கள் இல்லை. ஒன்றில் மட்டும் என் முழங்கை வந்து போனது. வாசித்த ஓசையை அழித்துவிட்டு எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். வந்த கோபத்தில் வீடியோக்காரனைப் போனில் பிடித்தேன்.

"நீங்க வாசிச்சத ஆருண்ணே வீடியோல கேக்கப் போறா? சினிமாப் பாட்டு போட்டாத்தான் பாக்க ஒரு சொகம் உண்டு" என்றான்.

டிரம்ஸ்காரரும் நானும் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வயலின் அண்ணன் கதை வேறு. அவருடைய ஒரே மகள் அங்கேதான் நர்ஸ். பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா இறந்தபோதும் லீவு கிடைக்காமல், அடக்கத்தை லைவில்தான் பார்த்தாள்.

அந்த லைவ் பத்திரமாக இருந்தது. மரண வீட்டு வீடியோவில் யாரும் சினிமாப் பாட்டு சேர்ப்பதில்லை. நாங்கள் வாசித்தது முழுசாக, முகத்தோடு பதிவாகியிருந்தது. மகள் கேட்கட்டும் என்று அண்ணன் அன்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்திருந்தார். "இது போதும் மக்கா" என்று அவரேதான் எடுத்துத் தந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழியும் தெரியவில்லை.

சென்னையில் நேர்காணல். அதிகாரி முழு வீடியோவையும் பார்த்தார். அருமையான வாசிப்பு என்று பாராட்டவும் செய்தார். பிறகு, இந்த நிகழ்ச்சிக்கு என்ன சம்பளம் வாங்கினீர்கள் என்று மொழிபெயர்க்கும் பெண் மூலமாகக் கேட்டார்.

ஏதாவது ஒரு தொகையைச் சொல்லட்டும் என்று நான் அண்ணன் காலை மிதித்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"அது எனக்க பொஞ்சாதியாக்கும், சாரே."

காசு வாங்காத வாசிப்பு தொழிலாகாது என்று அன்றைக்கே விசாவை மறுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் மகள் போன்மேல் போன் அடித்தாள். அண்ணன் எடுக்கவில்லை.