மெசேஜில் வளர்ந்த மகன்

என் தம்பியைப் பற்றி அவனையே எழுதச் சொன்னால் எழுத மாட்டான். எழுத்து தெரியாமல் இல்லை. என்னைவிட இரண்டு வகுப்பு கூடுதலாகவே படித்தவன். வார்த்தைதான் வராது. அதனால் நான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்று படித்தது. ஆனால் இன்றைக்கு என் பட்டறையில் இரும்பு கடையும் லேத் நான்கு ஓடுகிறது. நான் ஒரு ஷாஃப்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கோணல் என்று சொன்னால், இன்ஜினீயர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்துச் சம்பாதித்த பெருமையைப் பெட்டியில் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

தம்பியைப் பட்டறையில் எல்லோரும் கல்லுளிமங்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு அவன் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் நாலு வார்த்தை வேண்டுமே. நான் முதல் லேத்தை வாங்கியபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. அன்றிலிருந்து அதன் முன்னால்தான் நிற்கிறான். லேத்தின் பிடியான சக்கில் இரும்பைப் பொருத்தி, சுருள் சுருளாகச் சீவி எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தொட்டிலில் பிள்ளை தூங்குகிறதா என்று குனிந்து பார்ப்பவன் முகம் அது. வாடிக்கையாளர் வந்து வேலை எப்போது முடியும் என்று கேட்டால் மட்டும் சங்கடம். சாமானை எடுத்துக் காட்டுவான். பாதி முடிந்திருந்தால் பாதி தெரியும். அதுதான் பதில்.

அவனுக்குக் கல்யாணமும் நான்தான் செய்து வைத்தேன். பெண் தையல்காரி, கலகலப்பானவள். இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கொஞ்ச காலம் அப்படித்தான் ஓடியது. குடி இல்லை, அடி இல்லை, சந்தேகம் இல்லை. இருந்தும் பையன் ஏழாவது படிக்கும்போது அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் சமாதானம் பேசப் போனேன். நான் பேசித் தீராத வழக்கு அதுவரை இருந்ததில்லை. அவள் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"சுவத்தோட பேசினாக்கூட எதிரொலி வரும் மாமா. எனக்கு அதுவும் வரல."

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வேறென்ன செய்ய?

அவள் ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். பையன் அவளோடு போனான். ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். இங்கே ஆட்டோடும் பகையில்லை, குட்டியோடும் பகையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தால் அப்பனும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மின்விசிறிக்கே கூச்சமாக இருந்திருக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்றார்கள். வருவது நின்றுபோனது.

பிள்ளையின் செலவுக்குப் பணம் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அவள் தன் கையால் வாங்க மாட்டேன் என்றாள். அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். ஆம், என் யோசனைதான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்றே வங்கியில் கணக்குத் திறக்கிறார்கள், கார்டும் தருகிறார்கள் என்று எனக்கு ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். டோக்கன் எடுத்துக் காத்திருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தம்பியையும் பையனையும் கூட்டிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனேன். பையன் பெயரில் கணக்கு, தம்பி காப்பாளர். மாதா மாதம் தம்பி பணம் போடுவான், பையன் கார்டைத் தேய்த்துச் செலவு செய்வான். எங்கே தேய்த்தாலும் எவ்வளவு போனது, எந்தக் கடை என்று காப்பாளரின் போனுக்கு மெசேஜ் வந்துவிடும். பையன் கார்டில் தன் பெயர் பொறித்திருப்பதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

முதல் மெசேஜ் ஒரு நோட்டுப் புத்தகக் கடையிலிருந்து வந்தது. தம்பி லேத்தை நிறுத்தி, கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்துப் படித்தான். மறுபடியும் படித்தான். பட்டறை இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் சட்டைப்பையில் அந்தப் போன் முணுக்கென்றால் அவனுக்குக் கேட்கும். கொஞ்ச நாளில் நான் கவனித்துவிட்டேன்.

"என்னடா, கிரிக்கெட் ஸ்கோரா பாக்குற?" என்றேன்.

போனை நீட்டினான். பிறகு, கேளுங்கள், பேசினான்.

"வெள்ளிக்கிழமைன்னா டீக்கடையில ரெட்டிப்பாப் போகுதுண்ணே. கூட யாரோ சேர்ந்திருக்காங்க. முடி வெட்டுற கடையில இந்தத் தடவை காசு கூட வாங்கியிருக்காங்க. மீசை வந்திருக்கும்."

பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வந்து யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சேதியாவது சொல்வான். இரண்டாவது முறை செருப்புக் கடை வந்ததும், கால் வளர்ந்துவிட்டது என்றான். விளையாட்டு மைதானத்துப் பக்கத்துக் கடை அடிக்கடி வந்ததும், டீமில் சேர்த்துவிட்டார்கள் போல என்றான். ஒரு போன் போட்டு அவனையே கேளேன் என்றேன். எடுத்தால் என்ன பேசுவது என்று என்னையே கேட்டான். நான் பேசுகிறேன், போனைக் கொடு என்றேன். பறித்துவிடுவேன் என்று பயந்தவன் போலச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

ஒரு நாள் உச்சி வெயில் நேரம். போன் முணுக்கென்றது. படித்தவன் அப்படியே வெளியே ஓடினான். லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற லேத்தை விட்டுவிட்டு அவன் ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் ஏற்றிக்கொண்டேன். என்னவென்று கேட்டதற்குப் போனைக் காட்டினான். ஏதோ ஒரு கிளினிக்கின் பெயர். பள்ளி நேரத்தில் கிளினிக்கில் பையனுக்கு என்ன வேலை? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. வண்டி நிற்கும் முன்பே கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

கிளினிக் வாசல் பெஞ்சில் பையன் நான்கு கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். முழுசாக இருந்தான். விளையாடும்போது விழுந்த ஒருவனுக்கு உள்ளே தாடையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சீட்டுக்கு இவன் பணம் கட்டியிருக்கிறான், அவ்வளவுதான். கிரீஸ் அப்பிய சட்டையோடு தம்பி போய் முன்னால் நின்றான்.

"நீங்க எப்படிப்பா இங்க?"

"மெசேஜ் வந்துச்சு."

"எல்லாத்துக்கும் வருமா?"

இந்த இடத்தில் உலகத்தில் உள்ள எந்த அப்பனும் சமாளித்திருப்பான். கிளினிக்குக்கு மட்டும் வரும் என்று சொல்லியிருப்பான். என் தம்பிக்கு அது தெரியாது. பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் இருந்த பேச்செல்லாம் அந்த மெசேஜ்கள்தான். அதை அள்ளிக் கொட்டிவிட்டான்.

"நேத்து மத்தியானம் நீ சாப்பிடல. வெறும் டீயோட நிறுத்திட்ட. வெள்ளிக்கிழமைதோறும் இன்னொருத்தருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிற."

"யாருடா அந்த வெள்ளிக்கிழமை?" என்றான் ஒரு கூட்டாளி. பெஞ்சே குலுங்கியது. பையனுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு, "போங்கப்பா," என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் மாதத்துக்கு ஒரே மெசேஜ். பணம் போட்ட மறுநாள், பையன் ஏடிஎம்மில் மொத்தத்தையும் எடுத்துவிடுவான். கடையும் இல்லை, டீயும் இல்லை, செருப்பும் இல்லை. தம்பி அப்படியும் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கடைந்த சாமான் முதல் தடவையாக அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. என் பட்டறையிலிருந்து போன சாமான் திரும்பி வருவதாவது! வேறொருவனாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவனை ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. காப்பாளரும் பையனும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும், கணக்கு முழுக்க அவனுடையதாகிவிடும், அதுவரை பணம் எடுக்க முடியாது என்றார்கள். அதாவது, அந்த ஒற்றை மெசேஜும் இனி இல்லை. பிள்ளையைப் பற்றி என் தம்பிக்கு இந்த உலகத்தில் வந்துகொண்டிருந்த ஒரே தகவல் அது.

நான் வியாபாரம் தெரிந்தவன். கையெழுத்துப் போடாதே, இரண்டு மாதம் இழுத்தடி, பையன் தானாக உன் வாசலுக்கு வருவான் என்றேன். தம்பி என்னைத் தப்பு அளவு சொன்னவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அவன் காசுண்ணே," என்றான்.

நானும் கூடப் போனேன். இந்தத் தடவை டோக்கன் எடுக்க வேண்டியதாயிற்று, மேனேஜர் மாறிவிட்டிருந்தார். பையன் எங்களுக்கு முன்பே வந்து நாற்காலியில் இருந்தான். தம்பியைவிட ஒரு பிடி உயரம். மீசை இருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கவுண்டரில் இருந்த பெண் இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். பழைய கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டாள். மெசேஜ் எந்த நம்பருக்கு வரவேண்டும் என்று கேட்டாள். பையன் தன் நம்பரைச் சொன்னான். இன்னொரு நம்பரும் சேர்க்கலாம், அப்பா நம்பரை விட்டுவைக்கவா என்றாள். பையன் பதில் சொல்லவில்லை. மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் இருந்தான்.

தம்பி முந்திக்கொண்டான்.

"வேணாம்மா. என் நம்பரை எடுத்துடுங்க." பிறகு பையன் பக்கம் திரும்பினான். "இனிமே வாய்விட்டுக் கேட்டாத்தான் எனக்குத் தெரியும். கேட்டாச் சொல்லுவியா?"

பையன் நிமிர்ந்தான்.

"நீங்க கேட்டதே இல்லையேப்பா."

அந்தப் பெண் கணினியைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார். தம்பி கனமான இரும்பைத் தூக்கப்போகிறவன் போல மூச்சை இழுத்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"காலையில பிராக்டீஸ் இருந்துச்சு. அப்படியே வந்துட்டேன்."

"என்ன பிராக்டீஸ்?"

பையன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். ஊரிலேயே பெரிய ஓட்டலுக்கு என் காரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். படியில் இறங்கும்போது தம்பி திரும்பிப் பார்த்தான்.

"நீ பட்டறைக்குப் போண்ணே. நாங்க பேசிக்கிட்டே நடந்து போறோம்."

என்னைப் போ என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. போனேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் லேத்தை நானே ஓட்டினேன்.