குட்டி படுத்த துணி

நாய் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். சும்மா சொல்லவில்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் வேட்டை நாய் இல்லாத வீடு குறைவு. குட்டி கண் திறக்கும் முன்பே எது தேறும், எது தேறாது என்று என் அப்பா சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கும் வந்தது. எழுத்துத்தான் வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இதை எழுத ஒரு வரிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறேன். இருந்தாலும் இன்னொருவர் கையால் எழுத வைக்க மனம் இல்லை. செய்த தப்பு என்னுடையது. அதை நானேதான் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் பஹ்ரைனில், ஈசா டவுனில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் சமையலுக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், அதனால் தம்பி என்று கூப்பிடுவேன். அவர் மனைவி இந்தியப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவருக்கும் நான் அக்கா. ஒன்பது வயதுப் பாப்பாவுக்கு மட்டும் பெரியம்மா.

பாப்பாவுக்கு இழுப்பு உண்டு. மணல் காற்று அடிக்கிற நாளில் நெஞ்சுக்குள் பூனை இருப்பது போலக் கேட்கும். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்கு முன்னால் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன். அந்தப் பிள்ளைக்கு ஆசை என்றால் ஒரே ஆசைதான், நாய் வேண்டும். டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக நோட்டு முழுவதும் நாய்ப் படமாக வரைந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் தம்பி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார், "புதய்யா ரோட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்காங்களாம். சுருட்டை முடி நாயையும் இன்னொரு ஜாதியையும் சேத்துக் குட்டி எடுக்குறாங்க. அதுக்கு முடி கொட்டாதாம். இழுப்பு உள்ள பிள்ளைங்க வீட்டுக்குன்னே வளக்குறாங்களாம்."

"கலப்பு நாயா?" என்றேன். "எங்க ஊர்ல தெருவுக்குப் பத்து கிடக்கு. யாரும் வெல குடுத்து வாங்குறதில்ல."

"அது தானா கலந்தது அக்கா. இது பாத்துப் பாத்துக் கலக்குறது. ரெண்டு ஜாதியிலயும் உள்ள நல்லத மட்டும் எடுத்து."

"நல்லத மட்டும் எடுன்னா குட்டி கேட்டுக்கிடுமா தம்பி? அப்பன் மூக்கும் ஆத்தா முன்கோவமும் சேந்து பொறந்த பிள்ளைய நீங்க பாத்ததில்லையா?"

டீச்சர் தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்க முன்கோவம் பாப்பாகிட்ட இருக்கே, அதச் சொல்றாங்க" என்றார். பாப்பா யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போனோம். பேரீச்சை மரங்களுக்கு நடுவில் பெரிய வில்லா. வெள்ளைக்கார அம்மா வாய் கொள்ளாத சிரிப்போடு வந்து புல்வெளியில் நாற்காலி போட்டாள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. விற்கிறவர் வீட்டு உபசரிப்பு கூடினால் எனக்கு நாக்கு கசக்கும். வீட்டுக்குள் கூப்பிடாமல் ஏன் வெளியிலேயே உட்கார வைக்கிறாள் என்று ஒரு சந்தேகம் வேறு.

நான்கு குட்டிகள். இரண்டுக்குச் சுருட்டை முடி. மற்ற இரண்டுக்கும் நீட்டு முடி, லேசாக அலை ஓடியிருந்தது. ஒரு வயிற்றில் பிறந்ததே இரண்டு விதம். நீட்டு முடிக் குட்டி ஒன்று, வெல்ல நிறத்தில் இருந்தது, நேரே வந்து பாப்பாவின் ஷூ நாடாவைக் கடித்து இழுத்தது. அதோடு முடிந்தது. பாப்பா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது.

தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. டீ தம்ளரைக் கொண்டு வைக்கிற சாக்கில் பின்பக்கமாகச் சமையலறைக்குப் போனேன். அங்கே மட்டக்களப்புப் பெண் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"தாய் நாய் எங்கம்மா?"

"ஏன் அக்கா, நீங்க நாய் வாங்க வந்தீங்களா, நாய்க்குச் சம்பந்தம் பேச வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். காட்டு."

சிரித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போனாள். ஏசி போட்ட தனி அறை. எலும்பும் தோலுமாக ஒன்று கட்டிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். இது நீட்டு முடி மினுமினுக்க, நன்றாகத் தின்று கொழுத்துப் படுத்திருந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ஆனால் அது படுத்திருந்த பாய் முழுக்க முடி. கையால் வழித்தேன். ஒரு பிடி வந்தது.

"இதோட அப்பன்?"

"அது வேற ஆக்கள்ட சுருட்ட முடி நாய். வந்துட்டுப் போயிரும். போட்டோ இருக்கு, காட்டவா?"

"போட்டோவுல மாப்பிள காட்டுற தரகர் எங்க ஊர்லயும் உண்டு. வேண்டாம்."

திரும்பி வந்து தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இங்கிலீஷில் கேட்டார். அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"குட்டியெல்லாம் அப்பனக் கொண்டு பொறந்திருக்காம். முடி கொட்டாதாம். போன தடவைக் குட்டிங்கள இழுப்புள்ள பிள்ளைங்க இருக்குற நாலு வீட்டுக்குக் குடுத்திருக்காங்களாம்."

"அதுல ஒரு வீட்டக் காட்டச் சொல்லுங்க."

கேட்டார். நான்கு குடும்பமும் வேலை முடிந்து சொந்த நாட்டுக்குப் போய்விட்டதாம். வளைகுடாவில் இது வசதியான பதில். சாட்சி எல்லோரும் எப்போதும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

பாப்பா குட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஏற்கெனவே நாய் இருக்கிற வீட்டுக்குப் புதுக்குட்டி கொண்டுவருவதென்றால், குட்டி படுத்த சாக்கை மூன்று நாள் முன்னாடியே கொண்டுவந்து போடுவோம். பழைய நாய் முகர்ந்துவிட்டுச் சும்மா இருந்தால் குட்டி வரும். உறுமினால் வராது. "பாப்பா தலமாட்டுல இது படுத்த துணிய மூணு ராத்திரி வையுங்க. நெஞ்சு உறுமுதான்னு பாப்போம்."

சோதனைக்கூடத்துக்காரர் அல்லவா, தம்பிக்கு இது பிடித்துப்போனது. "சாம்பிள் எடுக்கச் சொல்றீங்க" என்று சிரித்தார். வெள்ளைக்கார அம்மாவும் உடனே சரி என்றாள். மட்டக்களப்புப் பெண் நீலக்கட்டம் போட்ட துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் காரில் ஏறிவிட்டார்கள். நான்தான் கடைசி.

"மேடம் சொல்றா, அப்பிடியே வைக்கட்டாம் அக்கா. தோய்க்க வேணாமாம்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மாட்டுச் சந்தை பார்த்து வளர்ந்தவள் நான். உப்பைக் காட்டித் தண்ணீர் குடிக்கவைத்து மாட்டின் வயிற்றை நிரப்புவார்கள். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்கவைப்பார்கள். விற்கிறவன் எதைச் செய்யாதே என்கிறானோ அங்கேதான் கோளாறு இருக்கும் என்பார் அப்பா. ஒரு துணியைத் துவைக்காதே என்று ஏன் சொல்ல வேண்டும்? இழுப்பை அமுக்குகிற மருந்துப் பொடி எதையாவது தூவியிருப்பாள். மூன்று நாள் பிள்ளை நன்றாக இருக்கும், நாம் வாங்கிவிடுவோம், பிறகு பொடி ஏது? வழி முழுவதும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கொல்லையில் உதறினேன். வாளித் தண்ணீரில் போட்டேன். துவைக்கவில்லை, அலசத்தான் செய்தேன் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலசிய தண்ணீரில் முடி மிதந்தது. அதையும் பார்த்தேன். அந்த ஊர் வெயிலில் பத்து நிமிஷத்தில் துண்டு காய்ந்துவிட்டது. முகர்ந்தேன். நாய் வாடை இன்னும் இருந்தது. பொடி போயிற்று, வாடை இருக்கிறது, இதுதான் நியாயமான சோதனை என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

மூன்று ராத்திரி போனது. பாப்பா கல் மாதிரித் தூங்கியது.

"உங்க டெஸ்ட்லயே பாஸ் ஆயிருச்சு அக்கா. இப்ப என்ன சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்ல. கொண்டாங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். விற்கிறவள் தந்திரத்தைக் கழுவி ஊற்றிவிட்டோம், அதற்குப் பிறகும் குட்டி தேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குட்டி வந்தது. பாப்பா அதற்கு வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, நான் "ஏலே" என்றே கூப்பிட்டேன். அதற்கும் வந்தது. என் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு அடுப்படி முழுவதும் பின்னாலேயே சுற்றும். போ என்பேன், போகாது. பாப்பா பள்ளிக்கூட வேனிலிருந்து குதித்து ஓடி வருவதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவரை அந்தப் பிள்ளை நடந்துதான் வரும்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பாப்பாவின் கறுப்புக் காலுறையில் வெல்ல நிற முடி ஒன்று. எடுத்துப் போட்டேன். மறுநாள் நான்கைந்து. தாயைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இழுப்பு வந்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகையை உள்ளே விட்டார்கள். பேச முடியாமல் படுத்திருந்த பிள்ளை, டாக்டர் நாய் என்ற பேச்சை எடுத்ததும் வேண்டாம் வேண்டாம் என்று விரலை மட்டும் ஆட்டியது. டாக்டர் பாப்பாவைப் பார்க்கவில்லை. நாய் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் டீச்சர் பாப்பாவோடு இருந்துகொண்டார். குட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு, தம்பியோடு புதய்யா ரோட்டு வில்லாவுக்குப் போனேன். தம்பி கொதித்துக்கொண்டு வந்தார்.

"ஏமாத்துக்காரி. இந்தக் குட்டி படுத்த துணியே இல்ல அது. புதுத் துணியக் குடுத்து ஏமாத்தியிருக்கா. மூணு நாள் ஒண்ணும் ஆகல பாத்தீங்களா!"

நான் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வாசலிலேயே இங்கிலீஷில் சத்தம் போட்டார். வெள்ளைக்கார அம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மட்டக்களப்புப் பெண் ஈரக்கையோடு வந்து நின்றாள். எந்தத் துணியைக் கொடுத்தாய் என்று அவளைத்தான் கேட்கிறாள், அது மொழி தெரியாமலே விளங்கியது. அந்தப் பெண் திணறினாள். என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க அக்கா. நீலக்கட்டத் துண்டுதானே நான் தந்தது? என்னய ஊருக்கு அனுப்பிப் போடுவாங்க அக்கா."

அவளுடைய ஊரில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அவ குடுத்தது சரியான துணிதான்," என்றேன். "நான்தான் அதத் தண்ணியில போட்டேன்."

தம்பி திரும்பினார். "என்னக்கா?"

"கழுவாதன்னு சொன்னாங்க தம்பி. அதனாலதான் கழுவினேன். ஏதோ மருந்து தூவியிருக்குன்னு நெனச்சேன். முடி பூரா தண்ணியில போயிருச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

தம்பி அந்த அம்மாவிடம் தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னார். எவ்வளவு சொன்னார், எவ்வளவு விழுங்கினார் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னாள். தம்பி எனக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை. மட்டக்களப்புப் பெண்தான் சொன்னாள்.

"துணிக்குப் பதிலா குட்டியவே மூணு நாள் தந்து விட்டிருக்கலாமாம் அக்கா. தனக்கும் அது தோணலயாம்."

அது தனக்குத் தோன்றவில்லை என்று அவள் சொன்னதை நான் இன்றும் நம்பவில்லை. முடி கொட்டாது என்று அவள் சொன்னதும் பொய்தான், அதையும் நான் விடமாட்டேன். ஆனால் அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி இருந்தது. அதை அலசி வாளியோடு ஊற்றியது என் கை.

குட்டியை அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். என் சேலைத் தலைப்பு அதன் வாயிலேயே இருந்தது. பல்லை விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தம்பி வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் பேசவாவது வந்திருக்கும். பாப்பா நான்கு நாள் என்னோடு பேசவில்லை, நான் பிசைந்து வைத்த சோற்றை மட்டும் தின்றது. ஐந்தாம் நாள் மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றது.

"பெரியம்மா, அந்த ப்ளூ டவல் எங்க?"

"இருக்கு."

"நல்லா வாஷ் பண்ணிக் குடுங்க."

வெந்நீரில் மூன்று தடவை துவைத்தேன். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்து நூல் நூலாகத் தேடினேன். ஒரு முடி கிடைத்தது. மறுபடியும் துவைத்தேன். காய்ந்ததும் மடித்துக் கொடுத்தேன். பாப்பா அதை முகர்ந்து பார்த்தது. சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

நான்கு தடவை துவைத்த கைதான். ஆனாலும் நான் அதை நம்பவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பிள்ளை எழுந்திருக்கிறவரை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.