அக்காவின் டின்னில் இருந்த என் மாத்திரை

அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு சதுர பிஸ்கட் டின் உண்டு. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. யாருக்கோ காய்ச்சலில் மிஞ்சிய மாத்திரை, மாமாவின் முட்டி வலிக்குக் கொடுத்த களிம்பு, பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று விட்டுப்போன இருமல் மருந்து, எல்லாம் அதற்குள் கிடக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஒரே பெரிய புட்டியிலிருந்துதான் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஊற்றுவார். ஒருவருக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்று நம்பினோம். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். லயத்தை இடித்தார்கள். நாங்கள் ஈப்போ ஓரத்தில் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தோம். டின்னும் கூடவே வந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மகளுக்குச் சின்னம்மாவாக அக்கா குடும்பத்தோடு இருக்கிறேன். போன வருடம் அக்கா மகளைப் பெண் கேட்டு பாரிட் புந்தாரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையனும் பெண்ணும் காம்பாரில் சேர்ந்து படித்தவர்கள். பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா டின்னைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என்னுடையதுதான். எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"இத சாப்பிட்டப்ப நீ எப்புடி இருந்தே தெரியுமா? பேசினே, சிரிச்சே. கையும் ஆடல," என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இத ஆரம்பிச்சுட்டு ஆஸ்பத்திரி மாத்திரய நிப்பாட்டு. பேசி முடிஞ்சதும் மறுபடி அதயே சாப்பிடுலா."

"தேதி முடிஞ்சு போச்சுக்கா."

"தேதியெல்லாம் கடைக்காரனுக்குலா. மருந்துக்கு என்ன தெரியும்."

அந்த அட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பு எனக்குச் சோர்வு வந்தது. ஜெலாப்பாங்கில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலையில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். பஸ் வரும், போகும். எழுந்திருக்க முடியாது. கிளினிக் டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தூக்கமில்லை, பசியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் ஒரு மாதம் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் திரிந்ததை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அப்போது காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டிவிட்டார்கள், அது தானாக அடங்கியது. டாக்டரிடம் சொல்கிற விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் சோர்வு விலகியது. அதற்குப் பிறகு ஒரு பத்து நாள். அந்தப் பத்து நாளைத்தான் அக்கா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், கோயிலில் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினேன். வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். எங்கள் வரிசையில் ஏழு வீட்டு இரும்புக் கதவுக்கும் யாரையும் கேட்காமல் பச்சைச் சாயம் அடித்தேன். மூன்றாவது வீட்டுச் சீனர் வேலையிலிருந்து வந்து, தன் வீடு எது என்று தெருவில் நின்று தேடினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நன்றாகத்தான் இருந்தேன். அதை மறுக்க மாட்டேன்.

பதினோராம் நாள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் மேல் கையில் கிடைத்ததை எறிந்தேன். வேலை போயிற்று. அது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் பஸ் ஏறி காம்பாருக்குப் போய், ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஒன்றில் இறங்கினேன். நீச்சல் தெரியாது. அக்கரை வரை நடந்துவிடலாம் என்று உறுதியாகத் தெரிந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன். இருபத்திரண்டு வயதுக் கதையை அங்கே இருந்த பெண் டாக்டர்தான் முதன்முதலில் கேட்டார். எனக்கு வந்தது வெறும் சோர்வு இல்லை, ஏறி இறங்குகிற நோய் என்றார். "அந்த மாத்திரை கெட்டதில்ல," என்றார். "நிறைய பேருக்கு நல்லது செய்யுது. உங்க நோய்க்கு அத மட்டும் தனியா குடுத்தா, மேல தூக்கி விட்டுரலாம். சில பேருக்கு வேற மருந்தோட சேத்து, பாத்து பாத்து குடுப்போம். உங்களுக்கு வேண்டாம்." லித்தியம் மாத்திரை தொடங்கினார்கள். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கை லேசாக நடுங்கும். நடுக்கத்தோடு நான் வேறு ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறேன். பஸ் வந்தால் ஏறுகிறேன்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவளே அவள்தான். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தில் அவளுக்கு வேறு பயம். சின்னம்மாக்காரிக்கு இப்படி என்று தெரிந்தால், பெண்ணுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள்.

"மாட்டேன்," என்றேன்.

"என்ன மாட்டேன்?"

"இத சாப்பிட மாட்டேன். அத நிப்பாட்டவும் மாட்டேன்."

நான் அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. டின்னை மூடினாள். "சரி. அப்ப அன்னிக்கு நீ பின்னாடியே இரு. டீய நான் கொண்டு போறேன். கேட்டா உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

எங்கள் குடும்பத்தில் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு முதல் தட்டைப் பெண்ணின் சின்னம்மாதான் எடுத்துப் போவாள். அந்த முறையை நினைத்தே நான் பல வருடம் பயந்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். யாரும் அனுப்பாமலே போய்விடுவேன். இந்த முறை அனுப்பினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். அக்கா டீ ஊற்றி முடித்ததும் தட்டை நான் எடுத்தேன். "வையி புள்ள," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அக்கா மகள் வாசல் திரையை விலக்கிப் பிடித்து, "போங்க சின்னம்மா," என்றாள்.

எட்டுக் கோப்பையும் தட்டில் கலகலவென்று ஆடின. வரவேற்பறைக்குள் நுழைந்தேன். பையனின் அம்மா முன்னால் போய் நின்றேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு, "கை ஏன் இப்புடி நடுங்குது?" என்றார்.

"பயந்த சுபாவம்லா அவளுக்கு," என்றாள் பின்னால் வந்த அக்கா.

"பயந்த சுபாவந்தான்," என்றேன். "ஆனா இது பயம் இல்லக்கா. மாத்திரை."

"என்ன மாத்திரை?" என்றார் பையனின் அம்மா.

"மனசு நோய்க்கு. மூணு வருசமா சாப்பிடுறேன். ஒரு நாளும் விடல. சோர்ந்தா ரொம்ப சோர்ந்துடுவேன், ஏறினா ரொம்ப ஏறிடுவேன். இப்ப ரெண்டும் இல்ல. கை மட்டும் ஆடும்."

இவ்வளவு வாக்கியங்களை அந்நியர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மாத்திரை தூக்கிவிட்டு இல்லை, நானாக. மீதி ஏழு கோப்பையையும் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டில் கொஞ்சம் டீ சிந்தியிருந்தது.

ஐந்து நாள் பாரிட் புந்தாரிலிருந்து போன் வரவில்லை. ஐந்து நாளும் அக்கா என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் நகர்த்தி வைத்தாள். ஆறாம் நாள் பையனின் அம்மா கூப்பிட்டார். இந்த நோய் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்கா மகள் போனை வாங்கி, "எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல அத்தை. வரலாம், வராமலும் போலாம். உங்க மகன் டாக்டர்கிட்டயே போய்க் கேட்டுட்டாரு. அவர் சொல்லலையா?" என்றாள். சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்ததோ தெரியாது. தேதி குறித்தார்கள். கல்யாணத்தில் அவர்கள் பக்கத்து அத்தை ஒருத்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று அவளுக்கும் நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அட்டையை நான் டின்னில் திருப்பிப் போடவில்லை. இன்னொருவருக்குச் சோர்வு என்றால் அக்கா நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்துவிடுவாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது பையில் எடுத்துப்போய் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் வைத்தேன். பழைய மருந்தை அங்கே திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்து, யாருடையது என்று மலாயில் கேட்டாள்.

"சாயா பூஞா," என்றேன். என்னுடையது. "டூலு." முன்பு.

"சூடா தாக் மாஹு?" இனி வேண்டாமா?

எனக்குக் குரல் எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். கவுண்டர்களில் எல்லாம் இரண்டு முறை கேட்பார்கள். அன்று பின்னால் வரிசையில் நின்றவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"தாக் மாஹு," என்றேன். வேண்டாம்.