கடலை மண்டியில் பதிந்த ஆறு பாட்டு

"ஞாயிறு. காலை 9.10, முதல் பாட்டு. 10.45, இரண்டாவது. மதியம் 2.20, மூன்றாவது. மாலை 4.40, நான்காவது, நன்று." 1969 மாசியில் நான் எழுதிய டைரிப் பக்கம் இது. மணிக்கணக்கு சரி. 'நன்று' என்றது தவறு.

செஞ்சியில் நாங்கள் மூன்று பேர். கடலை மண்டிக்காரர் மகன் எலெக்ட்ரிக் கிதார் வாசித்துப் பாடுவான். கல்யாண பேண்டு செட்டிலிருந்து வந்தவன் டிரம் அடிப்பான். டேப் ரிக்கார்டர் என் பொறுப்பு. ராக் என்று நாங்கள் சொன்னதை ஊர் 'கரண்டு கச்சேரி' என்றது. ஆறு பாட்டைப் பதிந்து சென்னையில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் ஒரு முழு லாங் பிளே தட்டு. இல்லையென்றால் பங்குனியில் கிதார்காரன் மண்டியில் உட்கார வேண்டும். அவன் அப்பா வைத்த கெடு அது.

ஸ்டூடியோ அந்த மண்டியின் கிடங்குதான். சுற்றிலும் ஆளுயரத்துக்குக் கடலை மூட்டை அடுக்கினோம்; எதிரொலி அடங்கியது. மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயரில் செருகியதும் கிதார் உறுமியது. ரிக்கார்டர் திண்டிவனத்தில் வாங்கிய இரவல், மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு பாட்டையும் உடனே போட்டுக் கேட்டோம். குறையில்லை.

ஐந்தரைக்குக் கிதார்காரன் எழுந்துவிட்டான். சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

"இன்னும் ரெண்டு பாட்டு கிடக்குது, இவரு சோத்துக்குப் போறாரு," என்றான் டிரம்காரன்.

"நீயும் வாயேன். ஆனா பூண்டு இருக்காது, அழக் கூடாது."

அவன் திரும்பியபோது ஆறரை. இருப்புக்கொள்ளாமல் நான் முதல் பாட்டை மறுபடி போட்டிருந்தேன். அவன் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாகக் கீச்சிட்டது. டிரம் தலைதெறிக்க ஓடியது.

"இன்னாடா இது, எலிக்குஞ்சு மாதிரி கத்துற?" என்று டிரம்காரன் அவனைப் பார்த்தான்.

விஷயம் மெல்லத்தான் விளங்கியது. பகல் முழுக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் பம்பு செட்டு ஓட, வோல்டேஜ் இறங்கி ரிக்கார்டர் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே கேட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது மோட்டார்கள் நின்று கரண்டு நிமிர்ந்துவிட்டது. தெருவில் போன மாட்டு வண்டியைக்கூட நேரத்தோடு குறித்திருந்தேன். பல்பு மங்கலாக எரிந்ததைக் குறிக்கவில்லை.

ஐந்தாவதையும் ஆறாவதையும் பதிந்தோம். பழைய நான்கைத் திரும்பப் பாடப் பார்த்தான், தொண்டை கட்டிக்கொண்டது.

"முதல் நான்கும் குறைந்த வோல்டேஜில் பதிந்தவை, வேகம் குறைத்துக் கேட்கவும்" என்று ஒரு சீட்டு எழுதினேன்.

"கிழிச்சிப் போடு. இதப் படிச்சா போட்டே பாக்க மாட்டான்," என்றான் அவன்.

"எழுதலன்னா கீச்சுக் குரல்தான் கேக்கும்."

"கேக்கட்டும். கிதாராவது காதுல விழும்ல?"

கிழித்தேன். மறுநாள் தபாலாபீசில் பார்சல் கட்டும்போது அதையே திரும்ப எழுதி உள்ளே வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

பங்குனியில் அவன் மண்டித் தராசுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு. வேணாமாம்."

"காட்டேன்."

"இன்னாத்துக்கு, டைரில ஒட்டிக்கவா?" என்று மூட்டையின் வாயைத் தைக்கத் தொடங்கினான்.

அந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. வந்தது என்பதற்கே அவன் வாய்ச்சொல் தவிர ஆதாரம் கிடையாது. கம்பெனியில் யாராவது டேப்பைப் போட்டுக் கேட்டார்களா, என் சீட்டைப் படித்ததோடு விட்டுவிட்டார்களா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.