சாமந்திக்கு ஒரு பல்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒல்லியானவர், அதிர்ந்து பேசமாட்டார். பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தபடி ஒரு பெரிய பல்பைப் போடுவார். விடியும்வரை அணைக்கமாட்டார்.

தூக்கம் கெட்ட எரிச்சலில் கேட்டேன்: "எதுக்கு சேச்சி இது?"

"பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பி வெயிலை மறைச்சான். என் ரோஜாவெல்லாம் செத்துப்போச்சு. மாடியில அவன் வெச்சிருக்கிற சாமந்தி மொட்டு வைக்கணும்னா ராத்திரி நல்ல இருட்டு வேணும். அதை நான் கொடுக்கமாட்டேன்."

எவ்வளவு எரு போட்டும் அந்தச் சாமந்தியில் இலைதான் வளர்ந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் இவரிடமே வந்து யோசனை கேட்டார்.

"வெளிச்சம் போதலை, சேட்டா," என்றார் சேச்சி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மறுநாள் அந்த மாடியிலும் ஒரு பல்பு எரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு என் ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கி மாட்டினேன்.