எனக்கு எந்தக் கால்?

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு நான் நடத்தும் பேப்பர் ஊனத்தைப் பற்றியது. பரிதாபப்படச் சொல்லித்தரும் பாடமல்ல அது. குறை உடம்பில் இல்லை, சாய்தளம் கட்டாத கட்டடத்தில் இருக்கிறது என்று வாதாடும் பாடம். வாதாடுகிற எனக்கே குழந்தையில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது. தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பேன். எங்கள் துறை இருப்பதோ மாடியில். சாய்தளத்தைப் பற்றிப் பேசவும் படியேறித்தான் போகவேண்டும். கேட்டால் பில்டிங் பழசு என்பார்கள்.

போன வருடம் எங்கள் துறையில் புதிதாக ஒருத்தி பாடம் நடத்தச் சேர்ந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற குரல். ஊனத்தை உணரட்டும் என்று மாணவர்களின் கண்ணைக் கட்டிவிட்டாள், சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள், ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கச் சொன்னாள். சாயங்காலம் பிள்ளைகள் என் அறைக்கு வந்து, இப்போதுதான் உங்கள் கஷ்டம் புரிகிறது மேடம் என்று அழுதார்கள். இந்த அழுகை கூடாது என்றுதான் பருவம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். என் வகுப்பில் கொட்டாவி, அவள் வகுப்பில் கண்ணீர். அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். படியேறும்போதுகூட விடமாட்டாள், என்னை ஒட்டிக்கொண்டே தொணதொணவென்று பேசியபடி வருவாள். தன் காலின் வேகத்தைக் காட்டுகிறாளோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நடத்தும் அந்த ஊனப் பேப்பரை அடுத்த பருவம் அவளிடம் கொடுத்துவிடலாமா என்று துறைத்தலைவர் என்னிடமே கேட்டார். உங்களுக்கும் அலைச்சல் குறையும் பாருங்கள் என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்தப் பாடத்திட்டம் நான் எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கியது. பொறாமைதான், வேறு என்ன பெயர் வைக்க?

அந்த வார இறுதியில் நாரணாபுரத்தில் மாணவர்களின் முகாம். வழக்கமாக, உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம் என்று என்னை விட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை கேட்காமல் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பட்டாசு கம்பெனியிலிருந்து ஆட்கள் திரும்பிய நேரம், அவள் சொல்லிக்கொடுத்த தெருநாடகம் தொடங்கியது. வெடிவிபத்தில் கால் போன தொழிலாளியாக ஒரு மாணவன் வந்தான். தொடையை அழுத்திக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து வந்தான்.

அடி ஆத்தீ, அது என் நடை!

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்றுமுன் அதே நடையோடு நான் வந்தபோது, நான் கேட்காமலே நாலு பேர் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எனக்குச் சேர், அவனுக்குக் கைதட்டல். கைதட்டலை வாங்கிக்கொண்டு அவள் ஓரமாய் நின்று சிரித்தாள். என் வயிறு எரிந்த எரிச்சலில் நாடகத்தின் முடிவுகூட ஞாபகமில்லை.

திரும்பும்போது திருத்தங்கல் தாண்டித்தான் எனக்கு உறைத்தது. அவன் அழுத்தியது வலது தொடை.

திங்கட்கிழமை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வகுப்பைக் கேட்டேன்.

“எனக்கு எந்தக் கால்?”

நடித்தவன் எழுந்து, “வலதுதானே மேடம்?” என்றான். இன்னொருத்தி இடது என்று சொல்லிவிட்டு உடனே வலது என்று மாற்றினாள். முறைத்துப் பார்க்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அதனால் ஒரு வருடமாக மரியாதையாக வேறு பக்கம் பார்த்திருக்கிறார்கள். பார்க்காத காலுக்காகத்தான் அன்றைக்கு அம்புட்டு அழுகையும். இதைத்தான் பருவம் முழுக்கச் சொன்னேன் என்று பிடித்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. அவள் நாடகம் பொய்த்துவிட்டது, பேப்பர் என்னுடையது.

முகாமில் நான் மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் பாட்டிலோடு அவள் வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“எடது கால்,” என்றாள். “படியில சாஞ்சா அந்தப் பக்கந்தான் சாய்வீக. அதான் நான் எப்பவும் எடது பக்கமா வாரேன்.” ஒத்திகையில் இல்லாத நடையை அவன் அன்றைக்குச் சேர்த்துக்கொண்டதாகவும், கால் மாறிப்போனதை அப்போதே கவனித்ததாகவும், உங்கள் நடை என்று தெரிந்தபிறகு உங்கள் முன்னாலேயே எப்படித் திருத்துவது என்று புரியவில்லை என்றும் சொன்னாள். பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரியான பதில். அதுவும் அவள் வாயிலிருந்துதானா வரவேண்டும்? முன்பைவிட அதிகமாக எரிந்தது.

மத்தியானம் துறைத்தலைவரிடம் போனேன். பேப்பரை விட்டுக்கொடுக்க முடியாது, அது என்னுடையது என்றேன். அவளும் அங்கேதான் இருந்தாள். சரி மேடம், நீங்களே எடுங்கள் என்று அவர் முடித்துவிட்டார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் படியிறங்கப் போனபோது அவள் அங்கே காத்திருந்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இடது பக்கமாகத்தான் வந்தாள்.